சிகாகோவுக்குக் கரண்ட் கொடுத்த சாமுவேல் இன்சல்

போன வருஷம் இன்டர்ன்ஷிப்பில் கிடைச்ச ஸ்டைபெண்டை வெச்சு முதல்முறையா ஒரு டீமேட் அக்கவுன்ட் திறந்து, ஒரு பவர் கம்பெனி ஷேர் வாங்கினேன். ஐயாயிரம் ரூபாய்க்குத்தான். நாம படிக்கிறது ட்ரிபிள் ஈ, கரண்ட் இல்லாம ஊர் ஓடாது, அதனால இந்த ஷேர் விழாது. இதுதான் என் மொத்த ஆராய்ச்சி. ரெண்டு மாசம் கழிச்சு அந்த கம்பெனியோட ஆண்டறிக்கையைத் திறந்தப்போதான் தெரிஞ்சது, அவங்க பேரில் ஒரு டர்பைன்கூட இல்ல. வேற சில கம்பெனிகளோட ஷேரை வெச்சிருக்கிற கம்பெனி அது. நிஜமான டர்பைன் இன்னும் ரெண்டு படி கீழே, வேற பேரில் இருந்தது.

இதில் சட்டப்படி ஒரு தப்பும் இல்ல. ஆனா நான் வாங்கினது என்னன்னு எனக்கே தெரியாம வாங்கியிருக்கேன்னு உறுத்திச்சு. இந்த மாதிரி கம்பெனி மேல் கம்பெனி அடுக்குறது எப்படி வந்துச்சுன்னு தேடப் போனப்போ கிடைச்ச ஆள்தான் சாமுவேல் இன்சல். நம்ம சிலபஸ்ல அவர் பேர் எங்கேயும் கிடையாது. ஆனா லோட் ஃபேக்டர்னு ரெண்டு மார்க்குக்கு எழுதுறோமே, அதை வெச்சு ஒரு பெரிய நகரத்தோட கரண்ட் பிசினஸையே மாத்திக் காட்டினவர் அவர்தான்.

இன்சல் 1859இல் லண்டனில் பிறந்தார். பெரிய வசதி இல்லாத குடும்பம். 14 வயதில் படிப்பு முடிந்து, ஒரு ஏலக் கம்பெனியில் ஆபீஸ் பையன் வேலை. ராத்திரிகளில் சுருக்கெழுத்து கற்றுக்கொண்டார். 1879இல் பேப்பரில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து செக்ரட்டரி வேலைக்கு எழுதிப் போட்டார். அது தாமஸ் எடிசனின் லண்டன் பிரதிநிதி ஆபீஸ். அங்கே ரெண்டு வருஷம் உழைத்ததில் எடிசனின் எந்த பேட்டன்ட் எந்த நாட்டில் யார் கையில் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. 1881 பிப்ரவரி கடைசியில் எடிசனின் சொந்த செக்ரட்டரியாக நியூயார்க்கில் கப்பல் இறங்கினார். அப்போ அவருக்கு வயசு 21. என் வயசு. நான் இன்னும் ரெஸ்யூமில் ஹாபிஸ் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் நாள் ராத்திரியே வேலை ஆரம்பம். இன்சலின் லண்டன் இங்கிலீஷ் எடிசனுக்குப் புரியவில்லை, எடிசனின் அமெரிக்க இங்கிலீஷ் இன்சலுக்குப் புரியவில்லை. இருந்தாலும் விடிய விடிய உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். பல்பு கண்டுபிடித்தாகிவிட்டது. ஆனா பல்பு எரியணும்னா ஜெனரேட்டர் வேணும், பூமிக்கடியில் கேபிள் வேணும், சாக்கெட்டிலிருந்து மீட்டர் வரை எல்லாத்தையும் தயாரிக்க ஃபேக்டரி வேணும். முதலீடு செய்தவர்கள் அதுக்கு மேல காசு போடத் தயங்கினார்கள். ஐரோப்பாவில் எந்த உரிமையை விற்றால் எவ்வளவு பணம் திரட்டலாம் என்று வரிசையாகச் சொன்னவர் இந்த 21 வயசுப் பையன்.

1882 செப்டம்பரில் நியூயார்க் பேர்ல் ஸ்ட்ரீட் பவர் ஸ்டேஷன் ஓட ஆரம்பித்தது. பிறகு ஸ்கெனெக்டடி என்ற ஊரில் எடிசனின் மெஷின் ஃபேக்டரியை இன்சல் நடத்தினார். சில நூறு பேர் வேலை பார்த்த இடம் சில வருஷங்களில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பெருகியது. ஆர்டர் வந்துகொண்டே இருந்தது, கையில்தான் காசு நிற்கவில்லை. கடைசியில் 1892இல் ஜே. பி. மார்கன் தரப்பு அந்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனியோடு இணைத்து ஜெனரல் எலக்ட்ரிக் ஆக்கியது. பெயரிலிருந்தே எடிசன் போய்விட்டார். நல்ல டெக்னாலஜி இருந்தும் கடன் கொடுத்தவன் கையில் கம்பெனி போவதை இன்சல் பக்கத்தில் இருந்து பார்த்தார். நியூயார்க் பேங்கர்கள் மேல் அவருக்கு வந்த கசப்பு கடைசி வரை போகவில்லை. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

புதுக் கம்பெனியில் அவருக்கு வருஷம் 36,000 டாலர் சம்பளத்தில் பதவி இருந்தது. அதை விட்டுவிட்டு 12,000 டாலருக்கு சிகாகோ எடிசன் என்ற குட்டிக் கம்பெனியின் தலைவராகப் போனார். பத்து லட்சம் பேர் வாழும் நகரத்தில் அந்தக் கம்பெனிக்கு சுமார் 5,000 வாடிக்கையாளர்கள். அது தவிர இருபதுக்கும் மேற்பட்ட கரண்ட் கம்பெனிகள் ஊரில் இருந்தன. கரண்ட் என்பது ஹோட்டலுக்கும் பணக்கார வீட்டுக்குமான ஆடம்பரம். மார்ஷல் ஃபீல்ட் என்ற பெரிய கடை முதலாளியிடம் 2,50,000 டாலர் கடன் வாங்கி அந்தக் கம்பெனி ஷேரை இன்சல் தானே வாங்கினார்.

இனிதான் எனக்குப் பிடிச்ச பகுதி.

நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸை எடுத்துக்கோங்க. ஞாயிறு மதியம் சிக்கன் போடும்போது எல்லாரும் வருவாங்க. அந்த ஒரு வேளைக்காகத்தான் அவ்வளவு பெரிய அண்டா, அவ்வளவு அடுப்பு, அவ்வளவு பெஞ்ச். செவ்வாய்க்கிழமை ராத்திரி உப்புமாவுக்குப் பாதி ஹால் காலி. ஆனா அண்டா வாங்கின கடனுக்கு வட்டி செவ்வாய்க்கிழமையும் ஓடும். பவர் ஸ்டேஷனும் இதேதான், இன்னும் மோசம். மிஞ்சின குழம்பையாவது ராத்திரிக்கு சூடு பண்ணலாம், மிஞ்சின கரண்ட்டை அவ்வளவு சுலபமா எடுத்து வைக்க முடியாது. சாயங்காலம் ரெண்டு மணி நேரம் எல்லாரும் விளக்குப் போடுறதுக்காக ஒரு மெஷினை வாங்கி மீதி நேரம் சும்மா நிறுத்தி வெச்சா, அந்த மெஷினின் வட்டி முழுக்க அந்த ரெண்டு மணி நேர யூனிட் மேல ஏறும். கரண்ட் ஆடம்பரமா இருந்ததுக்குக் காரணம் நிலக்கரி விலை மட்டும் இல்ல, இந்த வட்டியும்தான். சராசரி லோடை உச்ச லோடால் வகுத்தால் வரும் எண், நாம ஃபார்முலாவா எழுதுறது, ஒரு முதலீட்டாளனுக்கு எவ்வளவு நேரம் தன் காசு வேலை செய்யுதுங்கிற கணக்கு.

1894 குளிர்காலத்தில் இங்கிலாந்துக்குப் போன இன்சல், பிரைட்டன் என்ற கடற்கரை ஊரில் சின்னச் சின்னக் கடைகள்கூட தாராளமா விளக்கு எரியவிட்டிருந்ததைக் கவனித்தார். இவ்வளவு செலவு இவங்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகுது? விசாரித்தால், அந்த ஊர் மின்நிலையத்தை நடத்திய ஆர்தர் ரைட் ஒரு மீட்டர் செய்திருந்தார். எத்தனை யூனிட் என்று மட்டும் பார்க்காமல், ஒரே நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு இழுத்தாய் என்பதையும் அது காட்டும். உச்ச அளவுக்கு ஒரு விலை, அதற்கு மேல் நீண்ட நேரம் எரிக்கும் யூனிட்டுக்கு ரொம்பக் குறைந்த விலை. இன்சல் இதை சிகாகோவுக்குக் கொண்டுபோனார்.

இரண்டாம் வருஷ லீவில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் இன்பிளான்ட் டிரெயினிங் போயிருந்தேன். அங்கே ஷிஃப்ட் இன்ஜினியர் அண்ணா காலையில் கம்ப்ரஸர்களை ஒண்ணு ஒண்ணா, இடைவெளி விட்டுத்தான் ஸ்டார்ட் பண்ண விடுவார். ஏன்னு கேட்டதுக்கு பில்லை எடுத்துக் காட்டினார். யூனிட்டுக்குத் தனி, கேவிஏ டிமாண்டுக்குத் தனி. அப்போ சும்மா தலையாட்டிட்டு வந்துட்டேன். அந்த பில்லோட தாத்தா பிரைட்டன்ல இருக்கார்னு இப்போதான் தெரியுது.

மீட்டரோடு இன்சல் நிற்கவில்லை. வேற வேற நேரத்தில் கரண்ட் இழுக்கிற ஆட்களைத் தேடித் தேடிப் பிடித்தார். ஆபீஸ் நேரம் தொடங்கும்போதும் முடியும்போதும் டிராம், பகலில் ஃபேக்டரி மோட்டார், சாயங்காலம் வீடு, கோடையில் ஐஸ் கம்பெனி. ஒரு பிளாக்கில் இருக்கிற அபார்ட்மென்ட் வீடுகளின் உச்ச லோடையெல்லாம் தனித்தனியாகக் கூட்டினால் வரும் எண்ணில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூட அந்த பிளாக்கின் உண்மையான உச்சம் போகவில்லை என்று அளந்து காட்டினார். எல்லாரும் ஒரே நிமிஷத்தில் ஸ்விட்ச் போடுவதில்லை. அதனால் எவ்வளவு பெரிய கூட்டத்தை ஒரே ஸ்டேஷனில் கட்டினாலும் அவ்வளவுக்கு மெஷின் கம்மியாப் போதும். இதைக் காட்டியே ஊரில் இருந்த மற்ற கம்பெனிகளை ஒவ்வொன்றாக வாங்கினார். 1907இல் எல்லாம் சேர்ந்து காமன்வெல்த் எடிசன் ஆனது. சில்லறை விலை இறங்கிக்கொண்டே வந்தது. விலையை இறக்கியே லாபம் பார்த்த ஆள்.

நடுவில் 1903இல் ஃபிஸ்க் ஸ்ட்ரீட் ஸ்டேஷன். பழைய ரெசிப்ரோகேட்டிங் இன்ஜின்கள் அளவில் எல்லையைத் தொட்டுவிட்டன. 5,000 கிலோவாட் ஸ்டீம் டர்பைன் வேணும்னு இன்சல் கேட்டபோது, அவ்வளவு பெரிசை யாரும் செய்ததில்லை என்று ஜெனரல் எலக்ட்ரிக்கே தயங்கியது. தயாரிக்கிற ரிஸ்க் உங்களுடையது, நிறுவுகிற செலவு என்னுடையது என்று பிரித்துக்கொண்டு செய்யவைத்தார். முதல்முறை ஓடவிடும்போது பக்கத்தில் நிற்க வேண்டாம் என்று இன்ஜினியர் எச்சரித்தும் இன்சல் நகரவில்லையாம். மெஷின் வெடித்தால் கம்பெனியும் வெடிக்கும், அப்புறம் தான் மட்டும் இருந்து என்ன என்பது அவர் கணக்கு. வெடிக்கவில்லை.

அவர் செய்த இன்னொரு காரியம் அந்தக் காலத்து முதலாளிகளுக்கு அதிர்ச்சி. 1898இல் மின் கம்பெனிகள் சங்கத்தின் தலைவராக இருந்தபோது, எங்கள் விலையை அரசாங்கம் கட்டுப்படுத்த வேண்டும் என்று மேடையிலேயே பேசினார். நல்லெண்ணம் மட்டும் காரணம் இல்ல. ஒரு ஊரில் ரெண்டு கம்பெனி ரெண்டு வயர் இழுப்பது வீண் செலவு. ஏகபோகம் கொடு, பதிலுக்கு விலையை நீ பார்த்துக்கொள் என்று சொன்னால் வருமானம் நிச்சயம். நிச்சய வருமானத்துக்கு பாண்டு வாங்குகிறவன் கம்மி வட்டி கேட்பான். வருஷ வருமானத்தைப் போலப் பல மடங்கு முதலீடு கேட்கிற தொழிலில் ஒரு சதவீத வட்டி என்பது பெரிய விஷயம். இன்று நம்ம ஊர் உட்பட மின்கட்டணத்துக்கு ஒழுங்குமுறை ஆணையம் இருக்குன்னா, அந்த யோசனையை ஆரம்பத்திலேயே உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் ஒரு மின் முதலாளி.

1910 வாக்கில் சிகாகோவுக்கு வெளியே லேக் கவுன்ட்டியில் சின்ன ஊர்களையும் பண்ணைகளையும் ஒரே லைனில் இணைத்துப் பார்த்தார். தனித்தனி குட்டி ஸ்டேஷன்களைவிட இது லாபம் என்று தெரிந்ததும், 1912இல் மிடில் வெஸ்ட் யுடிலிடீஸ் என்ற ஹோல்டிங் கம்பெனியைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய் நஷ்டத்தில் இருக்கும் மின் கம்பெனிகளை வாங்கி இணைப்பது அதன் வேலை. 1920களின் கடைசியில் அது 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் பரவியிருந்தது. கேஸ் கம்பெனி, சிகாகோவின் மேம்பால ரயில், புறநகர் மின்ரயில்கள் என்று மற்றதும் அவர் கைக்கு வந்தன.

இவ்வளவுக்கும் காசு? இங்கேதான் அவர் வாடிக்கையாளர்களையே முதலீட்டாளர் ஆக்கினார். கம்பெனி ஊழியர்களே வீடு வீடாகப் போய் ஷேர் விற்றார்கள். பல்பு தினமும் எரியுது, பில் வருஷா வருஷம் குறையுது, அந்தக் கம்பெனியை ஏன் நம்பக் கூடாது? நானும் இதே லாஜிக்கில்தான் வாங்கினேன். அவருடைய பாண்டுகளை விற்ற ஹால்சி ஸ்டூவர்ட் நிறுவனம் ரேடியோவில் அனுபவசாலிப் பெரியவர் ஒருவரை வைத்து முதலீட்டு ஆலோசனை நிகழ்ச்சியே நடத்தியது. பேசியவர் ஒரு பேராசிரியர், எழுதிக்கொடுத்தது அந்த நிறுவனம். யூடியூப் வராத காலத்திலேயே இதெல்லாம் நடந்திருக்கு.

ஹோல்டிங் கம்பெனி எப்படி வேலை செய்யுதுன்னு சும்மா ஒரு கணக்குப் போடலாம். ஒரு மின் கம்பெனியின் மதிப்பு 100 கோடி. அதில் 75 கோடி பாண்டும் ஓட்டு இல்லாத ஷேரும். ஓட்டு உள்ள சாதாரண ஷேர் 25 கோடி. அதில் 13 கோடி கையில் இருந்தால் கம்பெனி உங்க கட்டுப்பாட்டில். அந்த 13 கோடி ஷேரை வைத்திருக்க மேலே ஒரு கம்பெனி தொடங்கி, அதையும் இதே விகிதத்தில் கடனால் நிரப்பினால் உங்களுக்குத் தேவை 1 கோடியே 69 லட்சம். அதுக்கு மேல இன்னொரு படி ஏறினால் 22 லட்சம். 22 லட்சத்தில் 100 கோடி ஸ்டேஷனுக்கு ராஜா. கீழே லாபம் கொஞ்சம் ஏறினாலே மேலே எகிறும். கீழே கொஞ்சம் இறங்கினால்? வட்டி எல்லாப் படியிலும் அப்படியே நிற்கும், மேல்படிக்கு ஒரு பைசா வந்து சேராது. நான் இதை நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு என் ஐயாயிரம் எந்தப் படியில் இருக்குன்னு எண்ணினேன். சந்தோஷப்படும்படி இல்ல.

இன்சலுக்கு உச்சப் படி ஏற ஆசை இருந்ததைவிட பயம்தான் அதிகம் என்று எனக்குத் தோணுது. 1928இல் சைரஸ் ஈட்டன் என்ற கிளீவ்லாந்து முதலீட்டாளர் இன்சல் கம்பெனிகளின் ஷேரை அள்ளி வாங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. எடிசனுக்கு நடந்தது தனக்கும் நடந்துவிடுமோ? கட்டுப்பாட்டைக் காப்பாற்ற இன்சல் யுடிலிட்டி இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்று ஒன்று, 1929 அக்டோபரில் கார்ப்பரேஷன் செக்யூரிட்டீஸ் என்று இன்னொன்று தொடங்கினார். இந்த ரெண்டுக்கும் ஒரு கொதிகலன்கூடக் கிடையாது. வெறும் ஷேர். ஒன்றின் ஷேர் மற்றொன்றிடம் வேற இருந்தது. முதலாவதின் விலை 1929 கோடைக்குள் பல மடங்கு ஏறியது. ஊரே வாங்கியது.

அக்டோபர் கடைசியில் சந்தை சரிந்தது. நவம்பர் 4 அன்று இன்சல் முன்னின்று கட்டிய பிரம்மாண்ட சிகாகோ ஓபரா மாளிகை திறப்பு விழா, திட்டப்படியே நடந்தது. இது சீக்கிரம் சரியாகிவிடும் என்று அவர் நம்பினார். 1930இல் ஈட்டனிடமிருந்த ஷேர்களை சந்தை விலையைவிட அதிகம் கொடுத்து 5 கோடியே 60 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டார். அவ்வளவு காசு சிகாகோ பேங்குகளிடம் இல்லை. வாழ்நாள் முழுக்க ஒதுக்கி வைத்த நியூயார்க் பேங்குகளிடம் போனார், ஷேரை அடமானம் வைத்தார். அடமான ஷேரின் விலை விழ விழ, இன்னும் ஷேர் கொண்டுவா என்றார்கள். கொடுத்தார். இன்னும் விழுந்தது. 1931 கடைசியில் அடமானம் வைக்க எதுவும் மிச்சமில்லை.

ஒரு விஷயத்தை நினைச்சா ஆச்சரியமா இருக்கு. இவ்வளவு நடந்தும் சிகாகோவில் கரண்ட் போகவில்லை. ஃபேக்டரிகள் மூடினாலும் வீடுகள் விளக்கை அணைக்கவில்லை. காமன்வெல்த் எடிசன் திவாலாகவே இல்லை. அவர் மெஷினைப் பற்றிப் போட்ட கணக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நிலையான செலவுக்கு நிலையான லோடு வேணும் என்று உலகத்துக்கே சொன்னவர், நிலையான வட்டியை ஷேர் விலை என்ற ஆடுகிற லோடின் மேல் ஏற்றிவிட்டார். இதை அவர் கவனிக்காமல் விட்டாரா, கவனித்தும் வேற வழியில்லையா, எனக்குப் பதில் கிடைக்கல.

1932 ஏப்ரலில் மிடில் வெஸ்ட் ஒரு கோடி டாலர் கடனைத் திருப்ப முடியாமல் கோர்ட் நியமித்த அதிகாரி கைக்குப் போனது. ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் ராஜினாமா கடிதங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு இன்சல் பாரிஸ் போனார். மேல்படிக் கம்பெனிகளின் ஷேரை வாங்கியவர்களுக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. ஓய்வுக்குச் சேர்த்த காசைப் போட்ட கிளார்க், டீச்சர், கம்பெனியின் சொந்த ஊழியர்கள் என்று லட்சக்கணக்கான பேர். அது தேர்தல் வருஷம். ரூஸ்வெல்ட் பிரசாரத்தில் இன்சல் பெயரைச் சொல்லியே தாக்கினார். வழக்குப் பதிவானதும் இன்சல் கிரீஸுக்கு ஓடினார். கிரேக்க நீதிமன்றங்கள் ரெண்டு முறை அவரை ஒப்படைக்க மறுத்தன. கடைசியில் தங்கும் அனுமதி முடிந்து, 1934இல் மையோடிஸ் என்ற பழைய சரக்குக் கப்பலை வாடகைக்கு எடுத்துக் கடலில் சுற்றியவரை இஸ்தான்புல்லில் பிடித்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். 74 வயசு. ஓடினது சரியா என்று கேட்டால், இல்லை என்பேன். நம்பிக் காசு போட்டவன் ஊரில் நிற்கும்போது நீங்க கப்பலில் இருக்கக் கூடாது.

1934 அக்டோபரில் சிகாகோவில் மோசடி வழக்கு. சாட்சிக் கூண்டில் ஏறிய இன்சல் ஆபீஸ் பையன் காலத்திலிருந்து தன் வாழ்க்கைக் கதையைச் சொன்னார். ஜூரி ரெண்டு மணி நேரத்தில் திரும்பி வந்து குற்றமில்லை என்றது. உண்மையில் முடிவெடுக்க சில நிமிஷம்தான் ஆனதாம், மீதி நேரம் பார்க்க நல்லா இருக்காதே என்று உட்கார்ந்திருந்தார்களாம். அடுத்து வந்த ரெண்டு வழக்கிலும் விடுதலை. திருடிச் சேர்த்த காசு எங்கேயும் இல்லை. தன் காசையும் அதே படியில்தான் போட்டிருந்தார். ஆனா 1933, 1934இல் வந்த பங்குச் சந்தைச் சட்டங்களுக்கும், 1935இல் வந்த மின் ஹோல்டிங் கம்பெனிச் சட்டத்துக்கும் பின்னால் அவர் பெயர் இருந்தது. அந்தக் கடைசிச் சட்டம் அடுக்குகளை உடைத்துப் போட்டது. 2005இல்தான் அதை ரத்து செய்தார்கள்.

1938 ஜூலை 16. பாரிஸில் கான்கார்ட் மெட்ரோ ஸ்டேஷனில் இன்சல் மாரடைப்பில் விழுந்து இறந்தார். இதயம் சரியில்லை, மெட்ரோவில் போகாதீங்க என்று மனைவி கிளாடிஸ் சொல்லியிருந்தாராம். பாக்கெட்டில் கொஞ்சம் பிராங்க் சில்லறைதான் இருந்தது. பர்ஸை யாரோ எடுத்திருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். சொத்துக் கணக்குப் பார்த்தபோது கையிருப்பு சுமார் 1,000 டாலர், கடன் 1 கோடியே 40 லட்சம் டாலர்.

ஃபிஸ்க் ஸ்ட்ரீட்டில் டர்பைன்களை மாற்றி மாற்றி வைத்து, 2012 வரை கரண்ட் எடுத்தார்கள்.